மேலயா, கீழயா?

அந்தப் படத்தைப் பத்தி எங்க பியூட்டி பார்லர்ல ஒரு வாரமா ஓயாத பேச்சு. பெரிய நகரம், அஞ்சு காதல் கதை, ஒரே டிக்கெட். முகத்துல பேக் போட்டிருக்கு, வாயை அசைக்காதீங்கன்னு சொன்னாலும் யாரும் கேக்கறதில்லை, அசைச்சு அசைச்சுக் கருத்துச் சொல்றாங்க. ஒருத்தருக்கு முதல் கதைதான் உசத்தி, இன்னொருத்தருக்குக் கடைசிக் கதை. பாங்க்ல ரிட்டயர் ஆன அம்மா ஒருத்தங்க, "அஞ்சு காதல் காட்டினாங்களே, ஒரு கல்யாணமாவது நடந்துச்சா?"னு கேட்டாங்க. மூணாவது கதைன்னு வந்துட்டா மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. அதுல வர்ற அண்ணி மகா பாவி.

"அந்த அண்ணி மட்டும் இந்த நாற்காலியில வந்து உக்காரட்டும் அக்கா, மொட்டை அடிச்சு அனுப்பறேன்"னா என்கூட வேலை பாக்கற பொண்ணு.

"இடுப்புல ரெண்டு கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு மாசம் வேலைக்குப் போய்ப் பாரு. அப்புறம் மொட்டை அடிக்கலாம்"னு வெடுக்குனு சொல்லிட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அக்கா இவ்வளவு கோவம்? படம்தானே?"

எதுக்குக் கோவம்னா, அந்த அண்ணி நான்தான்.

என் நாத்தனாரைப் பத்திச் சொன்னாத்தான் இது விளங்கும். என் வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி. நாப்பத்திரண்டு வயசு ஆச்சு, தலையில பாதி நரை, இன்னும் வீட்ல எல்லாருக்கும் 'பாப்பா'தான். ஒரு பழைய கட்டடத்தோட நாலாவது மாடியில, கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்க மூக்குல அந்தக் கனமான பிரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸா மாத்திப் போட்டு, "இது தெளிவா, முன்னால போட்டது தெளிவா?"னு பொறுமையாக் கேப்பா. பத்து தடவை மாத்திச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டா. வீட்லயும் அப்படித்தான். அவ குரல் ஒசந்து நான் கேட்டதே இல்லை.

என் ரெட்டைப் பசங்களை வளத்தது அவதான். நான் பெத்தேன், அவ்வளவுதான். பசங்களுக்கு ஒன்றரை வயசாகும்போது எனக்கு இந்தப் பார்லர் வேலை கிடைச்சுது. காலையில பத்து மணிக்கு நான் கிளம்புவேன், பசங்க அவகிட்ட. மதியம் ரெண்டு மணிக்கு நான் மூச்சு வாங்க ஓடி வருவேன், அவ கடைக்குக் கிளம்புவா. பசங்களைக் கைமாத்தற அவசரத்துல என் செருப்பை அவ மாட்டிக்கிட்டுப் போன நாளெல்லாம் உண்டு.

அந்தக் கட்டடத்து லிப்ட்ல அப்ப ஸ்டூல் போட்டு ஒருத்தர் உக்காந்திருப்பார். தரைத் தளத்துல இவ ஏறினதும், "மேலயா, கீழயா?"னு கேப்பாராம். கட்டடத்துக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. "கீழ என்னங்க இருக்கு, மண்ணா?"னு இவ கேக்க, அவர் சிரிக்க, தினமும் இதே கூத்து. இதை அவ என்கிட்ட மட்டும்தான் சொன்னா. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே சொல்லிட்டு, ஊட்டறதை மறந்து தனியாச் சிரிச்சா. எனக்குப் புரிஞ்சு போச்சு. பயமாவும் இருந்துச்சு.

நான் வேலைக்குச் சேந்து இருபது நாள் ஆகியிருக்கும். பசங்க ரெண்டுக்கும் காய்ச்சல். எனக்குப் புது வேலை, லீவு கிடையாது. மதியத்துக்கு மேல ரெண்டையும் நான் தனியாச் சமாளிக்க முடியாதுன்னு பாப்பா ஒரு வாரம் லீவு போட்டுப் பாத்துக்கிட்டா. அன்னைக்குச் சாயந்தரம் சின்னவனைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருந்தா. கதவைத் தட்டற சத்தம். திறந்தா அந்த லிப்ட்காரர். சட்டையெல்லாம் வியர்வை.

"நாலு நாளா அவங்க வேலைக்கு வரலை, கடையில விலாசம் கேட்டு வந்தேன். எனக்கு வேற ஊர்ல, ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுக்குப் போறேன். மேலயா கீழயானு நான் கேட்டேன்னு சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும். மேலன்னா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். கீழன்னா வர வேண்டாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"சொல்றேங்க"னேன். குடிக்கத் தண்ணிகூடக் கொடுத்தேன். வரவேற்புல ஒரு குறை வைக்கலை.

பாப்பா தோள்ல குழந்தையும் கையில மருந்து பாட்டிலுமா வந்தா. மேசை மேல டம்ளர் இருந்துச்சு. "யார் அண்ணி வந்தா?"னு கேட்டா.

"மீட்டர் பாக்கறவன்"னேன்.

அவமேல எனக்குப் பொறாமையா? கிடையாது. வெறுப்பா? அதுவும் இல்லை. அவ போயிட்டா பசங்களை யார் பாத்துக்குவாங்க, என் வேலை என்ன ஆகும், அதுதான் கணக்கு. ஒரு வருஷம் போகட்டும், நானே முன்னால நின்னு நல்ல இடமாப் பாத்து முடிச்சு வைக்கலாம்னு நெனச்சேன். இடம் வந்துச்சு, நாலஞ்சு வந்துச்சு. "வேண்டாம் அண்ணி"ங்கற ஒத்தை வார்த்தையில எல்லாத்தையும் முடிச்சிட்டா.

லீவு முடிஞ்சு அவ கடைக்குப் போனப்ப, ஸ்டூல்ல வேற ஆள். அன்னைலேர்ந்து லிப்ட்ல ஏறறதை விட்டுட்டா. நாலு மாடி ஏறி, நாலு மாடி இறங்கி, பதினாறு வருஷம். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. "லிப்ட்ல போய்த் தொலையேன் பாப்பா"னு அவ அண்ணன் திட்டுவார். "நடந்தா உடம்புக்கு நல்லது அண்ணா"ம்பா. அந்த முட்டிக்குத் தினமும் தைலம் தேய்க்கறது நான்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும். ரெண்டு வருஷம் முன்னால ஒரு அம்மா முடிக்கு டை போட வந்தாங்க. கதை எழுதறவங்கன்னு சொன்னாங்க. டை பிடிக்க நாப்பது நிமிஷம் ஆகும். அவங்க சும்மா ஏதோ கேக்க, 'என் சிநேகிதி ஒருத்தி'ன்னு ஆரம்பிச்சு அத்தனையும் கொட்டிட்டேன். ஒருத்தர்கிட்டயாவது சொன்னதுல நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அந்தப் பொண்ணு மேலன்னு சொல்லியிருப்பாளா, கீழன்னா?" "அது யாருக்குங்க தெரியும்"னு தலையை அலசி விட்டேன்.

படம் வந்ததும், கதை எழுதினவங்கன்னு பேப்பர்ல அந்த அம்மாவோட போட்டோ. கண்ணாடிக் கடையில எல்லாரும் பாத்துட்டாங்கன்னு பாப்பா ஆசைப்பட, என் வீட்டுக்காரர் சனிக்கிழமை மதியத்துக்கு மூணு டிக்கெட் எடுத்துட்டார். தலைவலின்னேன். "ஏசியில உக்காந்தா பறந்துடும்"னார். தியேட்டர் அஞ்சாவது மாடி. வழக்கம்போல பாப்பா படியில ஏறி, மூச்சு வாங்க வந்து சேந்தா.

மூணாவது கதையில அவங்க எதையும் மாத்தலை. கண்ணாடிக் கடையை பேக்கரி ஆக்கியிருந்தாங்க, அவ்வளவுதான். "மேலயா, கீழயா?"னு அவன் கேட்டதும் தியேட்டரே சிரிச்சுது. பாப்பா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா, போட்டுக்கிட்டா. "மீட்டர் பாக்கறவன்"னு அந்த அண்ணி சொன்னப்ப மறுபடி கழட்டினா. அப்புறம் போட்டுக்கவே இல்லை. கடைசியில படத்து அண்ணி சமையலறையில தனியா நின்னு அழுவா. நிஜத்துல நான் அழலை. அந்தப் பொய் சொன்ன அன்னைக்கு ராத்திரி நல்லாவே தூங்கினேன்.

வெளியில வந்ததும் என் வீட்டுக்காரர் கருத்து சொல்ல ஆரம்பிச்சார். "மூணாவது கதை ஒட்டவே இல்லை. எந்த வீட்ல இப்படி ஒரு அண்ணி இருப்பா? எழுதினவங்க நம்ம வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருக்கணும். என்ன பாப்பா?"

லிப்ட் வந்து கதவு திறந்துச்சு. அவர் உள்ள போய்க் கதவைப் பிடிச்சுக்கிட்டார். பாப்பா என்னைப் பாத்து, கடையில கேக்கற அதே பொறுமையோட, "மேலயா, கீழயா அண்ணி?"னு கேட்டா.

அவர் சிரிச்சுட்டார். "மேல மொட்டை மாடிதான் இருக்கு. ஏறுங்க ரெண்டு பேரும்."

"நீங்க போங்கண்ணா"னு சொல்லிட்டு அவ படியில இறங்க ஆரம்பிச்சா. நானும் பின்னாலயே போனேன். நாலாவது மாடித் திருப்பத்துல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இதுக்கு மேல என்னத்தை மறைக்கறது.

"அவர் வந்தாரும்மா. நான்தான் சொல்லலை. நீ பசங்களை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன். என்னை நாலு அறை அறைஞ்சுடு."

அவ சுவர்ல கையை ஊனி நிமிந்தா. அப்புறம், "அந்த டம்ளர் தண்ணியை முழுசாக் குடிச்சாரா?"னு கேட்டா.

"குடிச்சார்."

"நான் மேலன்னுதான் சொல்லியிருப்பேன்"னா. "ஏழு மணி பஸ்தானே அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு, பத்து மணிக்குள்ள பசங்ககிட்ட வந்திருப்பேன். நீங்களும் வேலைக்குப் போயிருக்கலாம். பசங்க வளந்தப்புறம் அவர் வந்து கூட்டிக்கிட்டுப் போயிருப்பார்."

பிடிச்சுக்கட்டும்னு கையை நீட்டினேன். அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா.