இரண்டாவது டிஸ்க் போட்ட பிறகு

லேப்டாப் ரிப்பேர்க் கடைக்கு யாரும் சும்மா வருவதில்லை. கறுப்புத் திரையோடு வருவார்கள், திரை வெளிச்சமானதும் போய்விடுவார்கள். மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலையில் என் கடை. சாரல் காலத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஊரே என் வாசலைக் கடந்து அருவிக்குப் போகும். நான் ஸ்க்ரூ டிரைவரோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை. நீங்களும் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர்கள்தானே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அழியலல்லா?

பண்பொழியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப் மகளுடையதாம். உள்ளே ஹார்ட் டிஸ்க் முனகிக்கொண்டே இருந்தது, திறக்க மூன்று நிமிடம் ஆனது. “இது எப்ப வேணும்னாலும் போயிரும் அண்ணாச்சி” என்றேன். முகம் வாடிவிட்டது.

பழையதைக் கழற்றிவைத்துவிட்டு, வேகமான புது டிஸ்க் ஒன்றில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, பிறகு பழையதையும் கூடவே மாட்டினேன். பத்து நொடியில் திறந்தது. இந்த இடத்தில் எல்லோரும் “அடேங்கப்பா” என்பார்கள். அதைக் கேட்பதில்தான் எனக்கும் ஒரு சந்தோஷம். அண்ணாச்சி சொல்லவில்லை. பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

“அழியலல்லா? அது போதும் தம்பி.”

வீடு புதுசு, சாவி பழசு

கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிஸ்க்கை வீடியோ பார்த்துத் தானே மாட்டிவிட்டார். விண்டோஸும் ஏற்றிவிட்டார். எல்லாம் ஓடியது. இனி பழையது எதற்கு என்று அதைச் சுத்தமாகத் துடைத்தார். மறுமுறை போட்டால் கறுப்புத் திரை.

நம்மில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போது ஏற்றினால், விண்டோஸ் புது வீட்டில் குடியேறும், அதைத் தொடங்கிவைக்கும் வாசல் சாவி மட்டும் பழைய வீட்டு ஆணியிலேயே தொங்கும். சாவியைப் புது டிஸ்க்கிலேயே செய்துகொடுத்தேன். பாய்க்கு மனசு ஆறவில்லை.

“பழச அழிச்சதுக்குப் புதுசு ஏம்ணே செத்துப் போகுது?”

நாலு முகம்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். நான் இரண்டாவது டிஸ்க் போட்டுக்கொடுத்த லேப்டாப் திறக்கவில்லை என்று மேனேஜர் போன் செய்தார். பென் டிரைவ் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சில லேப்டாப்புகள் புது டிஸ்க் வந்ததும், எதிலிருந்து திறப்பது என்ற வரிசையை மாற்றிக்கொண்டு முதலில் பென் டிரைவைப் போய்த் தட்டும். நான் கேட்கவில்லை. இரண்டு நாளாகக் கடைக்கு ஒருவரும் வரவில்லை. நாலு முகத்தைப் பார்க்கலாமே என்று மழையில் வண்டியை எடுத்துவிட்டேன்.

பாட்டு நிறைந்த பென் டிரைவ் ஒன்று சொருகித்தான் இருந்தது. பிடுங்கினேன், திறந்துவிட்டது. அதன் பிறகு அங்கே உட்காரக் காரணம் கிடைக்கவில்லை.

“இத போன்லயே சொல்லிருக்கலாம்லா, எதுக்குவே நனஞ்சுக்கிட்டு வந்தீரு?”

சரியாத் தொறக்க மாட்டேங்கு

பண்பொழி அண்ணாச்சி திரும்பி வந்தார். “சரியாத் தொறக்க மாட்டேங்கு” என்றார். போட்டுப் பார்த்தேன். பத்து நொடி, கச்சிதம். நல்லாத்தானே இருக்கிறது என்றேன். “இல்ல தம்பி, பழைய மாதிரி தொறக்கணும்” என்றார்.

வரிசையை மாற்றி, பழைய டிஸ்க்கை முதலில் வரவைத்தேன். முனகியது, சுற்றியது, நிறையக் காக்கவைத்தது. கடைசியில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அடுத்து அவள் இறைத்துப் போட்டிருந்த கோப்புகள், பின்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு அவளுடைய படம். அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். அவராகவே சொன்னார்.

“எம் மக அவளாப் பாத்து ஒருத்தனக் கட்டிக்கிட்டா, நான் கல்யாணத்துக்குப் போகல. இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. இங்கன மட்டுந்தான் வாரா.”

மூன்று நிமிடம்

மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பழையதை அச்சு அசலாகப் புது டிஸ்க்கில் நகலெடுத்துவிடலாம், அதே பெயர், அதே படம், பத்து நொடியில் வரும் என்றேன். நகல் பத்திரமாக இருக்கட்டும், ஆனால் பழையதிலிருந்துதான் திறக்க வேண்டும் என்றார். மூன்று நிமிடம் ஆகுமே என்றேன்.

“ஆகட்டும் தம்பி. வீட்டுல நான் ஒத்தைல கெடக்கேன். அந்த மூணு நிமிஷமும் யாரோ வந்துக்கிட்டு இருக்காப்ல இருக்கும்லா.”

பத்து நொடியில் திறந்த லேப்டாப்பை மூன்று நிமிடத்தில் திறக்கும்படி ‘சரி’செய்து, அதற்கு “நல்லா இருப்பே” என்று வாழ்த்தும் வாங்கிய மெக்கானிக் தென்காசி வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.