மகாராணிக்குப் பிடித்த இடம்

தெருவில் அவளுக்கு மீன்காரம்மா என்று பெயர். இத்தனைக்கும் ஒரு மீனைக்கூட விற்றதில்லை. அருகிவரும் ஆற்று மீன்கள் எங்கே மேய்கின்றன, எங்கே ஒதுங்குகின்றன என்று கண்காணிப்பதுதான் வேலை. தோளில் ஆன்டெனாவோடு கிளம்பினால் எதிர்வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள்.

"எங்க டிவி சரியா தெரியல, அதையும் பாத்துட்டுப் போயேன்."

"உங்க டிவி தண்ணிக்குள்ள இருந்தா சொல்லுங்க, பாக்குறேன்."

அவள் உயிரையே வைத்திருந்தது ஒரு பெண் மீன்மேல். செல்லப் பெயர் மகாராணி. ஆண் மீன்கள் பலவும் தடுப்பணையைத் தாண்டி மேல் ஆற்றுக்குப் போய்விட்டன. பெண்களில் ஏறியது இது ஒன்றுதான். வயிறு நிறைய முட்டை. முட்டைப்பைக்குள், ஆன்டெனாவுக்குச் சிக்னல் அனுப்பும் விரல்நுனி அளவுக் கருவி ஒன்றை வைத்து விட்டிருந்தார்கள். மேலே முட்டையிட்டால் அந்த இனம் அங்கே மறுபடி தழைக்கும். அதற்காகவே அவளும் படகுக்காரரும் முதுகு ஒடிய கூழாங்கல் கொட்டிப் படுகை போட்டார்கள். மகாராணி அதைச் சீண்டவே இல்லை. நேரே பழைய பாலத்தடிக்குப் போனது. உடைந்த செங்கல்லும் சரளையும் கிடக்கும் ஆழமில்லாத இடம்.

சில நாளாகக் கருவியின் சத்தம் அங்கிருந்து நகரவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"நகரலன்னா செத்துடுச்சும்மா. கருவியையாவது எடுத்துட்டு வாங்க" என்றார் மேலதிகாரி.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. தையல்காரக் கணவர் தட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செத்தது மீனா, சொந்தக்காரங்களா?"

"ரெண்டும்தான், போங்க."

காலையில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சரளையைத் துழாவினாள். கருவி கையில் தட்டுப்பட்டது. ஆனால் ஒரு முள் இல்லை, செதில் இல்லை.

"கருவி மட்டும் தனியா கிடக்கு தம்பி! உடம்பு எங்க?" என்று படகுக்காரரிடம் கத்தினாள்.

ஒரு செங்கல் துண்டைப் புரட்டினாள். அடியில் கடுகு கடுகாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணருகே கொண்டு போனாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்! முட்டைக்குள்ளே குஞ்சுகள்!

அட, மக்கு! முட்டையிடும்போது கருவியும் கூடவே வெளியே வந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான். துக்கத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. செங்கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் ஒரு காலைத் தூக்கினாள்.

"அக்கா, கால கீழ வைக்காதீங்க!" ஆழமான பக்கத்தில் படகில் நின்றவர் அலறினார். "அங்கயும் ஒட்டியிருக்கு!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. அவர் நீட்டிய துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது.

"கருவி கெடச்சுதாம்மா?" மேலதிகாரிதான். "சரி, வருத்தப்படாம கெளம்பி வாங்க."

"எப்படி சார் வர்றது?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "புள்ளைங்க கெடக்குதுங்க, கால் வைக்க எடமில்ல!"