சபிதாவின் ஆட்டோவில் ஏறியவர்கள்

மார்த்தாண்டம் சந்திப்பில் ஆட்டோ ஓட்ட வந்த புதிதில் சபிதாவை யாரும் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. "அண்டி ஆபீசுல முந்திரி ஒடச்ச கைக்கு ஆட்டோ எதுக்கு?" என்று அவளுடைய பழைய முந்திரி ஆலை வேலையை வைத்து ஸ்டாண்டில் கேலி. அவளுக்குப் பரிந்து வந்தவர்கள் பெண்கள்தான். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், மாதப் பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணிகள், இருட்டிய பிறகு துணிக்கடையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் நிற்கிற ஆட்டோக்களைத் தாண்டி வந்து அவள் வண்டியில் ஏறினார்கள். கேலி பேசிய வாய்கள் தானாக மூடிக்கொண்டன. சபிதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் குவைத்தில் வேலை பார்க்கும் ஊர்க்காரன் ஷிஜின் போனில் கூப்பிட்டான். அவன் மனைவி அபினா இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தினமும் மாலையில் அவளை வீட்டில் கொண்டு விட வேண்டும்.

"ஆம்பளையளுக்க வண்டியில அனுப்ப மனசில்லக்கா. பொம்பளன்னா ஒரு சமாதானமாக்கும்."

யாருக்குச் சமாதானம் என்று சபிதா கேட்கவில்லை.

அபினா வண்டியில் ஏறியதும் மாமியார் கதை முதற்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். சில மாலைகளில் வழியில் இறங்கி ஜெர்மன் வகுப்புக்குப் போவாள். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சபிதா கீழே காத்திருப்பாள்.

ஷிஜினும் இடையிடையே கூப்பிட்டு, "ஒழுங்கா வந்து சேருதாளா?" என்று விசாரிப்பான். அக்கறை என்றே சபிதா நினைத்தாள். ஒருநாள் வாய் நிறையச் சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்காரி நல்ல மிடுக்கியாக்கும் தம்பி. வேலையும் பாத்துட்டு ஜெர்மன் கிளாசுக்கும் போறாளே!"

ஷிஜின் போனை வைத்துவிட்டான். வகுப்பு விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கேடு இன்னொருத்திக்கு. ஷிஜின் போனில் கத்த, மாமியார் நேரில் கத்த, அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டதாம்.

மறுநாள் மாலை அபினா மருத்துவமனை வாசலில் சபிதாவைக் கடந்துபோய் ஜாஸ்பரின் ஆட்டோவில் ஏறினாள். ஸ்டாண்டில் அதிகம் கேலி பேசியவன் ஜாஸ்பர். சபிதாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்களே, நல்லதுன்னு நெனச்சுல்லா சொன்னேன்!"

"தெரியும்க்கா," என்றாள் அபினா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பொம்பள ஓட்டுத வண்டி அவருக்குல்லா வேண்டியது. எனக்கு அவருக்க போன எடுக்காத வண்டி போதும்."

எங்கே போக வேண்டும் என்று ஜாஸ்பர் கேட்டான். ஜெர்மன் வகுப்புக்கு என்றாள் அவள்.