விவரம் போதாது

அவர் முப்பத்தொரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, யாருடைய மனுவையும் மறுக்காமல் ஓய்வுபெற்றவர். வீட்டு நர்ஸாக வந்த நான் முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"நான் யாரையும் மறுத்ததே இல்ல, சிஸ்டர்."

உண்மைதான். வழிபாட்டு இடங்களுக்கும் கூட்டங்களுக்கும் அனுமதி தரும் அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். மறுத்தால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் மேல்முறையீடு வரும். அதனால் அவர் மனுவின் ஓரத்தில் "விவரம் போதாது" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார். எந்த விவரம் என்று எழுதமாட்டார். அவர் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர், சபையில் மூப்பர். ஆனாலும் சொந்த மதம், பிற மதம் என்ற பாரபட்சம் அவரிடம் கிடையாது. எல்லா மதத்தாரையும் சமமாக அலையவிட்டார்.

ஓய்வுபெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வலது கால் இழுத்தது, பேச்சு குழறியது. வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. இனிமேல் அவர் தேவாலயத்துக்குப் போவது நாலு பேர் தூக்கிப்போகும்போதுதான் என்று அவர் மனைவி சிரிக்காமல் சொல்வார். அதனால் தேவாலயம் மேலே வந்தது. ஞாயிறு மூன்று மணிக்குப் போதகரும் இன்னும் நான்கு பேரும் படி ஏறி வருவார்கள். கட்டிலைச் சுற்றி ஒரு ஜெபம், இரண்டு பாட்டு, ரொட்டியும் திராட்சைச் சாறுமாகத் திருவிருந்து. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த நால்வரில் ஒருவர் தையல்காரம்மா. முன்பு அவருக்கென்று ஒரு சிறிய சபை இருந்தது. தையல் கடையின் பின்கட்டில் பதினைந்து பேர் ஜெபித்தார்கள். அனுமதி கேட்டுப் போட்ட மனு பதினொரு முறை திரும்பி வந்தது. பன்னிரண்டாவது எழுத ஆள் இல்லை, அதற்குள் சபையே கலைந்துவிட்டது. திருப்பிய கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கைக்குத்தான் இப்போது வாராவாரம் தலையணை உறை தைத்துக்கொண்டு வருகிறார்.

கை விழுந்த பிறகு பெரியவருக்கு நாவல் எழுதும் ஆசை வந்தது. சாதாரண நாவல் இல்லை, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கும் கிறிஸ்தவ சஸ்பென்ஸ் நாவல். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். கையில் இருந்தது நோயாளிக் குறிப்பேடு ஒன்றுதான். இடது பக்கத்தில் ரத்த அழுத்தம், மாத்திரை, சிறுநீர். வலது பக்கத்தில் மத சுதந்திரம்.

கதாநாயகன் ஓர் இளம் போதகர், கிடங்கின் அடித்தளத்தில் ரகசிய ஆராதனை நடத்துகிறார். வில்லன் ஓர் அதிகாரி. பெரிய மீசை, வாயில் சுருட்டு, சிரித்தால் தங்கப்பல். ஒவ்வோர் அத்தியாயமும் "கதவு தட்டப்பட்டது" என்று முடியும். எட்டு அத்தியாயத்தில் எட்டு முறை தட்டப்பட்டது. திறந்து பார்த்தால் ஐந்து முறை பூனை.

"பூனை கதவத் தட்டுமா ஐயா?"

"அதுதான் சஸ்பென்ஸ்."

"இவர் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் ஒருத்தனுக்கும் தங்கப்பல் கிடையாது," என்றார் மனைவி. "பாதிப் பேருக்குப் பல்லே கிடையாது."

ஒன்பதாவது அத்தியாயத்துக்கு முன் நிஜமாகவே ஒரு கடிதம் வந்தது. மேல்மாடிக்காரர் புகார் கொடுத்திருந்தார், பாட்டுச் சத்தம் தாங்கவில்லையாம். குடியிருப்பில் அனுமதியின்றி மதக் கூட்டம் நடப்பதாகத் தெரிகிறது, புதன்கிழமை விசாரிக்க வருவோம் என்றது அலுவலகம். கூட்டம் என்று முடிவானால் ஞாயிறு சந்திப்பு நிற்கும். அது நின்றால் அவருக்குச் சாகும்வரை திருவிருந்து இல்லை. மூன்று மாடிக்குக் குறுக்கு வழி கிடையாது.

உடனே மனு எழுதச் சொன்னார். படிவம், நகல், வரைபடம், கட்டிலின் நீள அகலம் உட்பட ஒன்று விடவில்லை. அவரைவிட நன்றாக மனு எழுத அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? நான்காம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டே சொல்.

அவர் அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "எந்த விவரம்னு போடல," என்றார் கடைசியில்.

"போடமாட்டாங்க அண்ணே," என்றார் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மா. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. எங்களுக்குப் பூசாரி நீங்க. உங்களுக்கு யாரோ."

அன்று பெரியவருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. குறிப்பேட்டின் இடது பக்கத்தில் நான் முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான் எழுதி வந்தேன்: "ஞாயிறு 3.00, பார்வையாளர் ஐந்து பேர். 3.10, பாட்டு மூலம் பேச்சுப் பயிற்சி, உச்சரிப்பில் முன்னேற்றம். 3.20, ரொட்டி சிறு துண்டு, திராட்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, விழுங்கினார்." இதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. வாய் குழறியவர்களுக்குப் பேச்சைவிடப் பாட்டுச் சீக்கிரம் திரும்பும், நர்ஸ் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

"கேட்டா இதக் காட்டுறேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

"என் கதாநாயகன் மறைக்கமாட்டான், சிஸ்டர்."

"உங்க கதாநாயகனுக்கு ரெண்டு காலும் நடக்குது ஐயா."

புதன்கிழமை கதவு தட்டப்பட்டது. பூனை இல்லை. கண்காணிப்பாளர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மூச்சு வாங்க நின்றார். அவரை அடையாளம் தெரிந்துகொண்ட பெரியவரின் முகம் சுருங்கியது. அந்தப் பெண் அவரிடமே ஆறு வருடம் இளநிலை எழுத்தராக இருந்தவர்.

"நல்லா இருக்கீங்களா ஐயா?"

"உங்க வில்லன் வந்தாச்சு, டீ போடட்டுமா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்டார். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு அர்த்தம் புரியவில்லை.

நான் குறிப்பேட்டைக் கொடுத்தேன். இடது பக்கத்தைப் படித்தார், தலையாட்டினார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்போது அவர் கண் வலது பக்கத்துக்குப் போனது. அங்கே என் கையெழுத்திலேயே இருந்தது: "'ஆம், இங்கே ஜெபிக்கிறோம். உன் மீசைக்கு அஞ்சமாட்டோம்' என்று போதகர் முழங்கினார்." நோட்டுப்புத்தகம் தனியாக வாங்காமல் சிக்கனம் பார்த்தால் இப்படித்தான்.

"இது யார் எழுதினது?"

"கதைம்மா. ஐயா நாவல் எழுதுறார்."

அவர் கட்டிலைப் பார்த்தார். "ஐயா, நான் நேராவே கேக்குறேன். இது பயிற்சியா, ஜெபமா?"

பயிற்சி என்று ஒரு சொல் போதும். ஞாயிறு பிழைத்துவிடும். நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கூடக் காட்டினேன். பெரியவர் இடது கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணியது. முழங்கவெல்லாம் இல்லை, எச்சில்தான் வழிந்தது.

"ஜெபம்," என்றார். பிறகு மூச்சு வாங்கி, "ஞாயிறு மூணு மணி. ஆறு பேர், என்னையும் சேத்து. ரெண்டு பாட்டு. விவரம் போதுமா?"

நான் வாயைத் துடைத்துவிட்டேன். அந்தப் பெண் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு பையிலிருந்து மேல்மாடிக்காரரின் புகாரை எடுத்தார்.

"இதுல தேதி இல்ல, நேரம் இல்ல, எத்தன பேருன்னு இல்ல," என்றபடி ஓரத்தில் இரண்டு சொல் எழுதினார். "திருப்பி அனுப்பிடுறேன். உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான் ஐயா."

"அப்ப என் மனு?"

"அதுவும் திரும்பித்தான் வரும். நீங்க திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருங்க. விசாரணையில இருக்கிற வரைக்கும் யாரும் நிறுத்த முடியாது." டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் பெரியவர் போதகரைக் கையமர்த்திவிட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"உங்க மனு. பதினொண்ணு. ஒண்ணுலயும் எந்த விவரமும் குறையல."

"தெரியும் அண்ணே," என்றார் அவர். "பதினொண்ணையும் எழுதினது நான்தான. ரொட்டி காயுது, வாயத் திறங்க."

3.25, விழுங்கினார். வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதாவது அத்தியாயத்தை ஆரம்பித்தோம். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"அந்த அதிகாரிக்கு மீசை வேணாம் சிஸ்டர். சுருட்டு, தங்கப்பல் எல்லாம் எடுத்துடுங்க."

"வேற அடையாளம்?"

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்துத் தரச் சொல்லி நீட்டினார். "இதப் போடுங்க. ஞாயித்துக்கிழம தவறாம ஆராதனைக்குப் போவான்னும் எழுதிக்குங்க."