தெர்மகோல் பெட்டிக்குள் சனி

ஒரகடம் தாண்டி, மனைக்கல் நட்ட பொட்டலில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. மார்கழிப் பனியில் தொலைநோக்கி நனைந்து சொட்டுகிறது. அதில் பொருத்திய வெப்கேம் படம் பிடிப்பது அண்ணனின் லேப்டாப்பில். அதை மட்டும் மீன்கடைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடி, என் ஸ்வெட்டரையும் சுற்றியிருக்கிறேன். ஈரம் இறங்கினால் லேப்டாப் போச்சு. அண்ணன் கொன்றே விடுவான்.

கம்பெனியில் ஓ.டி. முடிந்து சைக்கிளில் வருகிற ஒருவர் காலூன்றி நிற்கிறார்.

"இன்னா தம்பி, இந்நேரத்துல மீன் விக்கிற?"

"கம்ப்யூட்டர்ணே. பனி படக் கூடாது."

"அதுக்கு ஸ்வெட்டரு, நீ நடுங்கிக்கினு கீறே!" சிரிக்கிறார். "கூட ஆளு இல்லியா?"

ஸ்வெட்டரை விலக்கி மூடியைத் திறக்கிறேன். விடியும்வரை திறக்கவே கூடாது என்றுதான் இருந்தேன். திரையில் சனி, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிகிறது.

சைக்கிளை மனைக்கல்லில் சாய்த்துவிட்டுக் குனிகிறார். "அட, நெசமாவே வளையம் கீதுபா!"

பெட்டியிலிருந்து வரும் சூட்டில் இருவரும் குளிர் காய்கிறோம். திரையில் பொட்டுப் பொட்டாய் ஈரம் படிகிறது.

"மூடு தம்பி, பனி எறங்குது."

"இருக்கட்டும்ணே. இன்னொரு தடவை பாருங்க."