கேட்டைத் திறக்கச் சொன்னால் பிஸ்கட்

அண்ணனின் சலவைக்கடையில் ஈரப் போர்வைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போடுவது பொடிசின் வேலை. நாற்பதைத் தாண்டியும் வீட்டார் வைத்த அந்தச் செல்லப்பெயர்தான். அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் நிறைந்த வாளியோடு படியேறுவதில் அண்ணனால்கூட அவளுக்கு ஈடுகொடுக்க முடியாது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் இடம் போதவில்லை என்று அண்ணன் அவளை ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டான். அங்கே நாற்காலி, டிவி, பூட்டிய கேட். அழுதால் பிஸ்கட். கேட்டைத் திறக்கச் சொன்னாலும் பிஸ்கட். உட்கார்ந்தே கிடந்ததில் உடம்பு ஊதிப்போய், கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ஒருநாள் டாக்டரம்மா எடையோடு கொழுப்பும் தசையும் காட்டுகிற எந்திரத்தோடு வந்தார். பொடிசை அதில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கொழுப்பு ஏறியிருக்கிறது, தசை கரைந்திருக்கிறது என்றார்.

"இவங்களுக்கெல்லாம் வாயைக் கட்டத் தெரியாது டாக்டர். இனிமே சமையல்கட்டைப் பூட்டிடறேன்," என்றாள் வார்டன்.

பொடிசுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நானா பிஸ்கட் கேட்டேன்? கேட்டைத் திறன்னேன்! நீதானே வாயில திணிச்சே!"

டாக்டரம்மா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா வேணும்?"

"வேலை. வாளி தூக்கிப் படியேறணும்."

"பொடிசு இப்ப பெருசாயிட்டா. படியேறுவாளாம்!" வார்டன் சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையோடு அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார்.

மறுநாள் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். "பகல்ல கடைக்கு வாம்மா. சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விட்டுடறேன்."

"இங்க எதுக்கு?"

"வீட்ல இடமில்லயேம்மா."

"ஊரான் போர்வைக்கெல்லாம் இடமிருக்கு!"

அவன் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

முதலில் அரை வாளியைத் தூக்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்து, மேல்மூச்சு வாங்க அண்ணனைத் திட்டினாள். மாதங்கள் போகப்போக வாளி நிறைந்தது, கால்களில் பழைய உரம் ஏறியது. திட்டு மட்டும் குறையவில்லை.

"தங்கச்சி நல்லா இளைச்சிட்டாளே. காப்பகத்துல நல்லா பாத்துக்கறாங்க போல," என்றார் ஒரு வாடிக்கையாளர்.

பொடிசு வாளியைத் தரையில் நங்கென்று வைத்தாள். தண்ணீர் அவர் செருப்பு வரை தெறித்தது.

சாயங்காலம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு, "கெளம்பலாமா?" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னுமா கோவம்?"

"ஆமா."

கை நீட்டினான். அதைப் பிடிக்காமல், விடுவிடுவென்று அவனுக்கு முன்னே நடந்தாள்.