மோகனராஜின் கேட்டரிங்

மூன்று வருடமாக வேலை இல்லாத மோகனராஜ், அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட வேலையில்லாதவராக இருந்ததில்லை. கோயிலில் யார் கேட்டாலும் "சொந்தமா பண்றேன் லா" என்பார். என்ன தொழில் என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. பட்டர்வொர்த் கிடங்கில் பதினெட்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை, கிடங்கை மூடியபோது வெளியே அனுப்பினார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரரை அதன்பின் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காக ஜார்ஜ்டவுனில் ஒரு சேவை மையம் திறந்தார்கள். தொழிலாளர், பயிற்சி, நல உதவி, சுகாதாரம் என நான்கு இலாகாக்களும் ஒரே கூரையின் கீழ், கைகோத்து வேலை செய்யும் என்றார்கள். கைகோத்தார்கள்தான், திறப்பு விழாப் படத்தில். ஐந்து மாதமாக மோகனராஜ் ஒரு மேசையில் சொன்னதைப் பக்கத்து மேசையில் திரும்பச் சொல்லி வந்தார். இரண்டு மேசைக்கும் இடையே ஒரு பூந்தொட்டிதான்.

ஆனாலும் நல்லது நடந்தது. கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வேண்டும், புதன்கிழமை நேர்முகம், மையம் அனுப்பும் ஆளை மட்டுமே பார்ப்பார்கள். திங்கட்கிழமை கடைசியாக ஒரு சரிபார்ப்பு. அதிகாரி கிஷன், தங்கமான பையன், கணினியைப் பார்த்தபடி கேட்டான்.

"அண்ணே, இப்ப என்ன பண்றீங்க?"

அந்த நேரம் பார்த்து, அதே கட்டடத்தில் ரோட் டாக்ஸ் கட்ட வந்திருந்த கோயில் பொருளாளர் ராமதாஸ் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டினார். மோகனராஜின் வாய் பழக்கப்படி வேலை செய்தது.

"சொந்தமா பண்றேன் லா, தம்பி. சின்னதா கேட்டரிங்."

கிஷனின் முகம் மலர்ந்தது. மையம் திறந்ததிலிருந்து வேலைக்குத் திரும்பிய முதல் ஆள். 'வேலைக்குத் திரும்பினார்' என்ற பொத்தானை ஆசையாகத் தட்டினான்.

நான்கு இலாகாக்களும் அன்றுதான் நிஜமாகவே கைகோத்தன. மோகனராஜ் கோம்தார் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் தொலைபேசியில் வாழ்த்து வந்தது. பிறகு பேருந்துக் கட்டண உதவி நின்றது, மருத்துவப் பரிசோதனை ரத்து, ஜுரு நேர்முகம் வேறொருவருக்கு. ஐந்து மாதம் பூந்தொட்டியைத் தாண்டாத செய்தி அரை மணியில் கடலைத் தாண்டி ஜுருவுக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே மோகனராஜ் நின்றார். கிஷன் கையைப் பிசைந்தான். வெற்றிபெற்றவரை மறுபடி வேலையில்லாதவராக்கக் கணினியில் வழியே வைக்கவில்லையாம். பெரிய அதிகாரியிடம் வேறு சொல்லியாகிவிட்டதாம். ஒரே வழி, நான்கு மேசையிலும் அவரே வாயால் சொல்ல வேண்டும்.

மூன்று மேசையில் முணுமுணுத்து முடித்தார். நான்காவது நூர் ஃபாத்திஹாவுடையது. எண்களை அழைக்கும் ஒலிபெருக்கி அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. கேட்கவில்லை பக்சிக், சத்தமாகச் சொல்லுங்கள் என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொன்னாள். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாலாவது முறை எழுந்து நின்று, மலாயில் கத்தினார்.

"சாயா தாக் அடா கெர்ஜா!"

எனக்கு வேலை இல்லை. ஒலிபெருக்கி சரியாக அந்த நேரம் ஓய்ந்திருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்கள்.

நேர்முகம் அவர் பெயருக்கே திரும்பி வந்தது. புதன்கிழமை ஜுருவில் பெட்டி அடுக்கிய பலகையை ஃபோர்க்லிஃப்டில் தூக்கி இறக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். அடுத்த திங்கள் முதல் வேலை.

வெள்ளிக்கிழமை கோயிலில் ராமதாஸைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே போய்ச் சொன்னார்: ஜுருவில் வேலை, ஃபோர்க்லிஃப்ட். ராமதாஸ் அவர் தோளில் கைவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டரிங் படுத்துருச்சாண்ணே? மனச விட்றாதீங்க லா. எல்லாருக்கும் ஒரு கெட்ட நேரம் வரும்."

அன்னதானத்தில் மோகனராஜின் இலையில் மட்டும் ஒரு வடை கூடுதலாக விழுந்தது.